எஞ்சியோர் கூடும் முற்றம்

"கூட்டம் கூடி, தேத்தண்ணி குடித்து, கதைத்துவிட்டுப் போவதால் என்ன பயன்?"

மாதர் சங்கங்களோடு வேலை செய்யும் எவரும் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருப்பார்கள். வீட்டு ஆண்கள் கேட்பார்கள். உதவி வழங்கும் நிறுவனங்களும் வேறு சொற்களில் இதையே கேட்கும். கோழி வளர்ப்பு, தையல், சுழற்சிக் கடன் போன்ற எண்ணிக் காட்டக்கூடிய காரியங்களுக்குப் படிவத்தில் இடம் உண்டு. பெண்கள் ஒன்றுகூடிச் சமைப்பதற்கும், பாடுவதற்கும், பிரிந்து போனவர்களை நினைப்பதற்கும் பெரும்பாலும் அதில் இடம் இருப்பதில்லை. பல வேளைகளில் பெண்களாகிய நாமே அவற்றை வீண் செலவென்றும், "இருக்கிற கஷ்டத்துக்குள் இது வேறா" என்றும் ஒதுக்கிவிடுகிறோம்.

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் கனடாவில் வாழும் ஒரு சிறிய சமூகம் என் நினைவுக்கு வருகிறது. பிறந்த மண்ணில் வாழ வழியின்றிக் கடல் கடந்து வந்து, வந்த இடத்தில் குளிருக்கும் கொள்ளைநோய்க்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்து, அதன் பின்னரும் தம் அடையாளத்தை இழந்துவிடாமல் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக ஒன்றுகூடி வருபவர்கள் அவர்கள். ஐஸ்லாந்து வழிவந்த கனடியர்களையே குறிப்பிடுகிறேன்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், மனிற்றோபா மாகாணத்தின் வினிப்பெக் நகரில் வசிக்கும் எனது அக்கா வீட்டிற்குச் சென்றிருந்தேன். அக்காவின் அயல்வீட்டுப் பெண்மணி எழுபது வயதைத் தாண்டியவர். அவரது பூட்டனாரும் பூட்டியாரும் ஐஸ்லாந்திலிருந்து வந்தவர்கள். தமது ஊர்க் கழகத்தில் நீண்டகாலமாக வேலை செய்து வருபவர். அவரே எங்களை ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வடக்கே, வினிப்பெக் வாவிக் கரையில் இருக்கும் கிம்லி என்ற ஊருக்கு, அவர்களுடைய ஆண்டு விழாவைக் காண அழைத்துச் சென்றார். அங்கு நான் கண்டதையும், பின்னர் வாசித்து அறிந்ததையும் இங்கு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சாம்பல் விழுந்த ஆண்டு

ஐஸ்லாந்து என்பது வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள ஒரு தீவு. பரப்பளவில் இலங்கையின் ஒன்றரை மடங்கு பெரியது. ஆனால் இன்றும் அங்கு வாழ்வோர் நான்கு இலட்சத்துக்கும் குறைவு. 1870களில் அந்நாட்டின் சனத்தொகை 70,000 பேரளவில்தான் இருந்தது. அப்போது அது டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குக் கீழ் இருந்தது. சொந்தக் காணி இல்லாதவர்கள் யாராவது ஒருவருடைய பண்ணையில் ஆண்டு முழுவதும் வேலைக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது. அதனால் பலர் திருமணம் செய்து தனிக்குடும்பம் அமைக்கவும் வழியற்றிருந்தனர்.

கடும் குளிர், ஆட்டு மந்தைகளில் நோய், கரையை அடைத்துக்கொண்ட கடற்பனி ஆகியவற்றுக்கு மேலாக 1875 மார்ச் மாத இறுதியில் அஸ்க்யா என்ற எரிமலை வெடித்தது. தீவின் கிழக்குப் பகுதியில் புல்வெளிகளைச் சாம்பல் மூடியது. ஆடுகளுக்கு மேய்ச்சல் இல்லை என்றால் அங்கு மனிதருக்கும் வாழ்வில்லை. 1870 தொடக்கம் 1914 வரையான காலத்தில் ஏறத்தாழ 15,000 பேர் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. அவ்வளவு சிறிய நாட்டுக்கு இது பேரிழப்பாகும்.

1875 ஒக்ரோபர் 21ஆந் திகதி, குளிர்காலம் தொடங்கும் வேளையில், இருநூறுக்கு மேற்பட்டோர் தட்டையான படகுகளில் வினிப்பெக் வாவியின் மேற்குக் கரையில் வந்து இறங்கினர். மறுநாளே அங்கிருந்த ஒரு வெண்பாறையின் அருகில் ஒரு தாய் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தாள் என்பது இன்றும் அவர்கள் விருப்பத்தோடு சொல்லும் செய்தி. புதிய குடியிருப்புக்கு 'புதிய ஐஸ்லாந்து' என்றும், அதன் முதல் ஊருக்குக் 'கிம்லி' என்றும் பெயரிட்டனர். கிம்லி என்பது அவர்களுடைய பழங்கதைகளில் வரும் ஒரு மாளிகை. உலகம் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்து முடிந்த பின்னர் நல்லோர் வாழப்போகும், பொன்னால் வேய்ந்த மாளிகை. கூரையற்ற கரையில் நின்றுகொண்டு அவர்கள் அந்தப் பெயரைத் தெரிவு செய்தார்கள்.

அம்மை கண்ட குளிர்காலம்

பெயர் பொன்மாளிகையாக இருந்தாலும் முதற் குளிர்காலம் கொடுமையானதாகவே இருந்தது. கடலில் மீன்பிடித்துப் பழகியவர்களுக்கு, உறைந்த வாவியின் பனிக்கட்டியைத் துளைத்து வலை போடும் முறை தெரிந்திருக்கவில்லை. கொண்டுவந்த வலைகளின் கண்களும் வாவி மீனுக்குப் பெரிதாக இருந்தன. போதிய உணவின்றிப் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். இளம் பெண்கள் பலர் வினிப்பெக் நகரத்து வீடுகளுக்கு வேலைக்காரிகளாகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய சம்பளம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அவர்கள் கற்றுக்கொண்ட ஆங்கிலம் குடும்பங்களுக்கு வெளியுலகத்தோடு பேச உதவியது. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கும் எங்கள் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1876இல் மேலும் 1,200 பேரளவில் வந்து சேர்ந்தனர். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் பெரியம்மை பரவியது. குடியேறியவர்களில் ஏறத்தாழ 100 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் சிறு பிள்ளைகள். நோய் பரவாமல் இருப்பதற்கென்று குடியிருப்பைச் சுற்றித் தடை போடப்பட்டது. ஏழு மாதங்களுக்கு மேல் எவரும் வெளியே போகவோ, பொருட்களைச் சுதந்திரமாகக் கொண்டுவரவோ முடியவில்லை. அடைபட்ட இடமும், தட்டுப்பாடும், கண்முன்னே பிள்ளையைப் பறிகொடுத்தலும் என்னவென்று இக்கட்டுரையை வாசிப்போரில் பலர் அறிவர்.

இங்கு நான் வியந்த விடயம் ஒன்றுண்டு. தடை நீங்கிய அதே 1877இல் அவர்கள் தமது மொழியில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினர். அதன் பெயர் 'ஃப்ராம்ஃபாரி'. வயிறு நிறைந்த பின்னர்தான் வாசிப்பும் பாட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நீண்ட இரவுகளில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கம்பளி நூற்றுக்கொண்டும் பின்னிக்கொண்டும் கேட்பது ஐஸ்லாந்துப் பண்ணைவீடுகளின் பழைய வழக்கம். கைவேலையும் கதையும் ஒன்றாகவே நடந்தன. கழகங்களுக்கான வித்து அங்கேயே இருந்தது எனலாம்.

ஆண்டு முழுவதும் ஒரு காரணம்

இன்று கனடாவில் ஐஸ்லாந்துப் பூர்வீகம் உடையோர் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். 1919இல் வினிப்பெக்கில் தொடங்கப்பட்ட ஐஸ்லாந்தியர் தேசிய சங்கம் வட அமெரிக்காவின் பல நகரங்களிலுள்ள கழகங்களை இணைக்கிறது. கிம்லி, வினிப்பெக், கல்கரி, ரொறன்ரோ, வன்கூவர் என்று பல இடங்களில் கழகங்கள் உண்டு. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தையும் மாதர் சங்கத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்குமோ, அப்படிப்பட்டவையே இவை.

அவர்களுடைய நாட்காட்டியைப் பார்த்தால் ஆண்டின் ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றுகூடுவதற்கு ஒரு காரணம் வைத்திருப்பது தெரியும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் 'தோர்ராபுளோட்' என்னும் குளிர்கால விருந்து. புகையூட்டிய ஆட்டிறைச்சி, வெண்ணெய் பூசிய கருவாடு, பாட்டு, கவிதை எனக் கடுங்குளிரின் நடுவே ஓர் இரவு கழியும். ஏப்ரல் மாதத்தில் 'கோடையின் முதல் நாள்' கொண்டாடப்படும். அப்போதும் வெளியே பனி இருக்கலாம். ஆனாலும் கோடை வந்துவிட்டதென்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஜூன் 17 ஐஸ்லாந்தின் தேசிய தினம். 1944இல் அந்நாடு குடியரசான நாள் அது. ஓகஸ்ட் மாத முதல் திங்களை ஒட்டிய விடுமுறையில் கிம்லியின் பெருவிழா நடைபெறும். ஒக்ரோபர் 21இல் முன்னோர் வந்திறங்கிய வெண்பாறை வரை நடந்து செல்வர். டிசெம்பரில் வீடுகள்தோறும் நத்தார்ப் பலகாரம்.

இடையிடையே மொழி வகுப்புகள், வம்சாவளி தேடுதல், பின்னல் வேலை, மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் என்பனவும் உண்டு. 1999 முதல் நடைபெறும் 'ஸ்னொரி' திட்டத்தின் மூலம் இளையோர் ஐஸ்லாந்துக்குச் சென்று, தாம் ஒருபோதும் கண்டிராத உறவினர் வீடுகளில் தங்கி வருகின்றனர். 1886இலும் 1888இலும் தொடங்கிய இரண்டு செய்தித்தாள்கள் 1959இல் ஒன்றாகி, 'லோக்பெர்க்-ஹெய்ம்ஸ்கிரிங்லா' என்ற பெயரில் இன்றும் வருகிறது. இப்போது அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. ஏனெனில் மூன்றாம், நான்காம் தலைமுறையினரில் பெரும்பாலானோருக்கு ஐஸ்லாந்து மொழி தெரியாது. மொழி போனது அவர்களுக்கும் வருத்தமே. ஆயினும் சில சொற்களை அவர்கள் விடவில்லை. அவற்றுள் ஒன்று எங்களைத் திடுக்கிட வைத்தது.

விழாத் திடலில் ஒரு சிறுமி, எங்களை அழைத்துச் சென்ற அந்த முதிய பெண்மணியைப் பார்த்து "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். அக்காவும் நானும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். ஐஸ்லாந்து மொழியில் 'அம்மா' என்றால் பாட்டி; 'அஃபி' என்றால் பாட்டன். வேறு ஒரு சொல்லும் அறியாத பேரப்பிள்ளைகள்கூடப் பாட்டியை அம்மா என்றே அழைக்கின்றனர். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அக்கா சொன்னபோது அந்தப் பெண்மணி வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழு அடுக்குப் பலகாரம்

கழகத்தின் எந்த ஒன்றுகூடலிலும் மேசையில் இருப்பது 'வினார்தேர்த்தா' என்னும் பலகாரம். மெல்லிய மாத்தட்டுகளை வேகவைத்து, இடையிடையே உலர்ந்த புரூன் பழத்தையும் ஏலக்காயையும் சேர்த்துக் காய்ச்சிய களியைப் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஏழு அடுக்கு என்பது பொதுவான கணக்கு. மேலே சீனிப்பூச்சு வேண்டுமா வேண்டாமா என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் சண்டை. "என்னுடைய அம்மா செய்தது போல" என்பதே எல்லோருடைய வாதமும். வாயில் வைத்ததும் ஏலக்காய் மணத்தது. அதுவரை அந்நியமாக இருந்த இடம் எனக்கு அப்போது சற்று நெருங்கி வந்தது.

இவர்கள் புறப்பட்ட காலத்தில் ஐஸ்லாந்தில் இது நவநாகரிகப் பலகாரமாக இருந்தது. பின்னர் அங்கு மக்களின் விருப்பம் மாறிவிட்டது. கனடாவில் குடியேறிய பெண்களோ அதைக் கைவிடாமல் பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கொடுத்து வந்தனர். லோரி பெர்ட்ராம் என்ற வரலாற்றாசிரியர் 2020இல் வெளியிட்ட நூலில் இப்பலகாரத்தையும், கோப்பி குடிக்கும் வழக்கத்தையும், உடைகளையும், பேய்க்கதைகளையும்கூட இச்சமூகத்தின் வரலாற்றுச் சான்றுகளாக ஆராய்ந்துள்ளார். தலைவர்களின் பேச்சுகளில் மட்டுமே வரலாற்றைத் தேடிப் பழகிய எங்களுக்கு இது நல்ல பாடம். பெண்கள் அடுப்படியில் வைத்திருந்ததும் வரலாறே.

மலைமகளின் பச்சைப் போர்வை

'ஐஸ்லாந்தியர் நாள்' என்னும் பெருவிழா 1890இல் வினிப்பெக்கில் தொடங்கி, 1932இல் கிம்லிக்கு மாற்றப்பட்டது. நான் சென்ற திங்கட்கிழமை காலையில் ஊர்வலம். தெருவோரமெங்கும் மடக்குக் கதிரைகளில் குடும்பம் குடும்பமாகச் சனம். பிற்பகலில் பூங்காவில் மரபு நிகழ்ச்சி. அதன் நடுநாயகமாக அமர்ந்திருப்பவர் 'ஃபியால்கோனா'. மலைமகள் என்று தமிழில் சொல்லலாம். எங்களுக்கு மலைமகள் என்றால் பார்வதி. அவர்களுக்கு ஐஸ்லாந்து நாட்டின் உருவகம்.

வெள்ளை ஆடை, பொன்னிற இடுப்புப்பட்டி, ஓரத்தில் வெண்மயிர் வைத்த பச்சைப் போர்வை, தலையில் முடி, பின்னால் தொங்கும் மெல்லிய முக்காடு. 1924 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெண் இவ்வாறு தெரிவு செய்யப்படுகிறார். அழகுராணிப் போட்டி போல இளமையும் தோற்றமும் பார்த்துத் தெரிவு செய்வதில்லை. சமூகத்திற்குப் பல்லாண்டுகள் உழைத்த, பெரும்பாலும் வயதில் முதிர்ந்த பெண்ணுக்கே அந்த இடம். அவர் மேடையிலிருந்து தம் மக்களுக்கு உரையாற்றுகிறார். முன்னோர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார். நரைத்த தலையும் சுருங்கிய கைகளும் உடைய ஒரு பெண்ணின் முன்னே ஊர் முழுவதும் எழுந்து நிற்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் சிம்மாசனத்தில் இருத்திவிட்டு மற்ற நாட்களில் சமையலறைக்கு அனுப்பினால் அது மரியாதை ஆகாது. இவர்களுடைய வரலாற்றிலும் நீண்டகாலம் மேடையில் பேசியோரும் கவிதை படித்தோரும் பெரும்பாலும் ஆண்களே. ஆனால் அங்குள்ள பெண்கள் அந்த ஒரு நாளோடு நின்றுவிடவில்லை.

பெயர்களை எழுதிய பெண்கள்

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல், வினிப்பெக்கில் வாழ்ந்த ஐஸ்லாந்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து யோன் சிகுர்ட்சன் என்ற பெயரில் ஒரு கிளைச் சங்கத்தை அமைத்தனர். போருக்குச் சென்ற தம் பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறைகளும் பொதிகளும் அனுப்பினர். போர் முடிந்ததும் சங்கத்தைக் கலைத்துவிடவில்லை. வீடு வீடாகத் தகவல் திரட்டி, போரில் பணியாற்றிய ஐஸ்லாந்து வழிவந்தோரின் நினைவு நூலொன்றை 1923இல் வெளியிட்டனர். 1,000க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அதில் உள்ளன. திரும்பி வந்தோரும் வராதோரும் அதில் பெயரோடு இருக்கின்றனர்.

அரசு தன் பதிவேட்டில் எழுதுவது இலக்கம். தாயும் தமக்கையும் எழுதும்போது அந்த இலக்கம் இன்னாருடைய மகன், இன்ன ஊரான் என்று மாறிவிடுகிறது. பெயரைப் பதிவு செய்வதும் ஒரு சமூகப்பணி என்பதை அப்பெண்கள் காலுறை பின்னிக்கொண்டே கண்டுகொண்டனர்.

அதற்கு முந்திய ஆண்டில், 1915இல், வினிப்பெக் லூதரன் தேவாலயம் ஒன்றின் பெண்கள் உதவிச் சங்கம் முன்னின்று உழைத்ததன் பயனாக 'பெத்தெல்' என்ற முதியோர் இல்லம் உருவானது. அது கிம்லியில் இன்றும் இயங்குகிறது. குடியேறிய காலத்துக் கஷ்டங்களைத் தாங்கிய முதியவர்கள், தம் மொழி புரியும் இடத்தில், தம் உணவை உண்டு கடைசிக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

மார்கிரெட்டின் இதழ்

பெண்கள் இதழ் ஒன்றில் எழுதும்போது மார்கிரெட் பெனடிக்ற்சனைக் குறிப்பிடாமல் விட முடியாது. 1866இல் ஐஸ்லாந்தில் பிறந்து, இளம் வயதில் வட அமெரிக்காவுக்கு வந்தவர். 1898இல் மனிற்றோபாவின் செல்கேர்க் என்ற சிற்றூரிலிருந்து 'ஃப்ரேயா' என்ற மாத இதழைக் கணவருடன் சேர்ந்து தொடங்கினார். பெண்களின் வாக்குரிமைக்காகக் குரல் கொடுத்த அந்த இதழ் ஐஸ்லாந்து மொழியில் வந்தது. ஆங்கிலம் தெரியாத பண்ணைவீட்டுப் பெண், தன் மொழியில், தன் அடுப்படியில் இருந்து சட்டத்தையும் திருமண உரிமையையும் பற்றி வாசித்தாள். கதைகளும் கவிதைகளும் பிள்ளைகளுக்கான பக்கமும் அதில் இருந்தன.

1908இல் மார்கிரெட் ஐஸ்லாந்துப் பெண்களுக்கென்று வாக்குரிமைச் சங்கம் ஒன்றையும் அமைத்தார். கணவருடனான வாழ்வு முறிந்தபோது, 1910இல் இதழும் நின்றுபோயிற்று. பின்னர் அவர் பிள்ளைகளுடன் அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்றுவிட்டார். ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. 1916 ஜனவரி 28இல், கனடாவிலேயே முதன்முதலாக, மனிற்றோபா மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. ஐஸ்லாந்துப் பெண்கள் அதற்காக உழைத்தவர்களுள் முன்வரிசையில் இருந்தனர். ஏற்கெனவே சங்கமாகக் கூடிப் பழகியிருந்ததால் கையெழுத்துத் திரட்டவும், கூட்டம் நடத்தவும் அவர்களுக்கு ஆளும் வழியும் இருந்தன. கோப்பி குடிக்கக் கூடிய அதே பெண்கள்தான் மனுவிலும் ஒப்பமிட்டார்கள்.

பெட்சியின் கல்லறை

இதுவரை சொன்னது பெருமைக்குரிய பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

இவர்கள் வந்திறங்கிய கரை வெறுங்கரை அல்ல. கனடாவின் பூர்வகுடிகள் அங்கே வாழ்ந்துகொண்டிருந்தனர். அரசு அந்நிலத்தை ஐஸ்லாந்தியருக்கு ஒதுக்கியபோது அவர்களுடைய சம்மதத்தைப் பெறவில்லை. சாண்டி பார் என்ற இடத்தைச் சேர்ந்த யோன் ராம்சே என்பவர், தம் இடத்தில் வீடு கட்ட வந்தவர்களைப் படகிலிருந்து இறங்க விடாமல் தடுத்தார். அதிகாரி வந்து, நிலம் குடியேறியவர்களுக்கே உரியது என்று கூறிவிட்டார். பின்னர் அதே ராம்சே, காட்டையும் குளிரையும் அறியாத அவர்களுக்கு இறைச்சி கொடுத்தும் வழிகாட்டியும் உதவினார்.

1876இல் பெரியம்மை சாண்டி பாரையும் தாக்கியது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தனர். ராம்சேயின் மனைவி பெட்சியும் பிள்ளைகளும் மாண்டனர். ராம்சே தொலைவிலிருந்து ஒரு பளிங்குக் கல்லைத் தருவித்து மனைவியின் புதைகுழியில் நாட்டினார். பல ஆண்டுகளுக்குப் பின்னர், அந்தக் கல்லறை சிதைந்து கிடந்தபோது, ஐஸ்லாந்தியரான ஒரு தச்சரின் கனவில் ராம்சே தோன்றி அதற்கு வேலி அமைக்கும்படி கேட்டதாகவும், அவர் அதைச் செய்து கொடுத்ததாகவும் அச்சமூகத்தில் ஒரு கதை வழங்குகிறது.

எங்களுடன் வந்த பெண்மணி திரும்பி வரும் வழியில் இந்தக் கதையைச் சொன்னார். தாம் சிறுமியாக இருந்தபோது இதைப் பேய்க்கதையாகவே கேட்டதாகவும், வயது போன பின்னர்தான் அதற்குள் இருக்கும் அநியாயம் விளங்கியது என்றும் கூறினார். "நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்காக அழுதோம். அதே நோயில், அதே கரையில் இறந்த அவர்களுடைய பிள்ளைகளை எண்ணக்கூட இல்லை" என்றார். அவர் அதிகம் பேசவில்லை. ஆனால் அன்று நான் கேட்ட எல்லா உரைகளையும் விட அது எனக்கு ஆழமாகப் பதிந்தது.

ஓரிடத்தில் இழந்தவர்கள் இன்னோரிடத்தில் மற்றவரின் இழப்புக்குக் காரணமாவதும் உண்டு. இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் அலைந்த எங்களுக்கு இது புரியும். எங்களுக்கு முன்னர் அந்தக் காணியில் யார் இருந்தார்கள், வேலிக்கு அப்பால் யார் அழுதார்கள் என்று கேட்பது எங்கள் துயரத்தைக் குறைத்துவிடாது.

நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

சகோதரிகளே, கிம்லியில் இருப்போர் இன்று வசதியாக வாழ்பவர்கள். அவர்களுடைய துயரம் தாத்தா பாட்டிகள் காலத்துடையது. எங்களுடையதோ இன்னும் ஆறாதது. பிள்ளையோ கணவரோ எங்கே என்று தெரியாமலே காத்திருக்கும் பெண்ணிடம் போய், விழா எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அவர்கள் வசதி வந்த பின்னர் கூடத் தொடங்கவில்லை. ஒன்றுமில்லாத காலத்திலேயே கூடத் தொடங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் மாதர் சங்கங்களில் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. கடன் கணக்கு, வருகைப் பதிவு ஆகியவற்றுக்குப் புறம்பாக, ஆண்டில் ஒரு நாளைக் கூடுவதற்கென்றே ஒதுக்கி வைக்கலாம். அன்று ஆளுக்கொரு பலகாரம், அவரவர் தாயிடம் கற்ற கைப்பக்குவத்தில், கொண்டு வரலாம். ஒரு கொப்பி வாங்கி, ஊரிலிருந்து பிரிந்தவர்களின் பெயரையும், யாருடைய பிள்ளை, என்ன விரும்பிச் சாப்பிடுவார், என்ன பாட்டுப் பாடுவார் என்பதையும் விரும்புவோர் எழுதி வைக்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும். அந்த நாளில் தலைமைக் கதிரையில் பிரமுகரை இருத்தாமல், ஊரின் மூத்த பெண் ஒருவரை இருத்துவோம். பக்கத்துக் கிராமத்தில், வேறு மொழி பேசினாலும் வேறு கோயிலுக்குப் போனாலும், எங்களைப் போல இழந்த பெண்கள் இருந்தால் அவர்களையும் அழைப்போம்.

இவற்றால் யாருடைய வருமானமும் உடனே உயரப் போவதில்லை. ஆனால் தனியே அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கு, அடுத்த ஆண்டும் இதே நாளில் என்னை எதிர்பார்த்திருப்பார்கள் என்ற எண்ணம் ஒரு பிடிமானமாகும். கூடிப் பழகிய பெண்கள்தான் பின்னர் மனு எழுதுவார்கள், முதியோரைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைப் படிப்பிப்பார்கள். வினிப்பெக் வாவிக் கரையில் அப்படித்தான் நடந்தது.

இனி யாராவது "கூட்டம் கூடி என்ன பயன்?" என்று கேட்டால், ஒரு கோப்பைத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, "இருங்கோ, சொல்கிறோம்" என்று அருகில் இருத்திக்கொள்ளுங்கள்.